மணி அடிப்பதற்கு முன்

அந்த மணியின் ஓசை இனிமையாக இருக்கும். யாரும் பதறிவிடக் கூடாது என்று அதை அப்படி அமைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் தன்னால் முடியாது என்று நுண்கரம் என்ற அறுவை இயந்திரம் முடிவு செய்ததும் அது அடிக்கும். இயந்திரக் கைகள் நான்கும் நோயாளியின் வயிற்றிலிருந்து வெளியே வந்து, உயர்ந்து, மடங்கி நின்றுகொள்ளும். பார்த்தால் கும்பிடுவதுபோல இருக்கும். சுவரோரம் ஒரு ஸ்டூலில் கையுறை மாட்டிக் காத்திருக்கும் மருத்துவர் எழுந்து வந்து, கத்தியை வாங்கி, வயிற்றைத் திறக்க வேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் அந்த ஸ்டூல் என்னுடையது.

தினகரனுக்கு மணி அடித்தபோது, ரத்தம் உறிஞ்சும் குழாயின் பாட்டில் நிறைந்து, வேறு பாட்டில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். நான் திறந்தபோது உள்ளே உறுப்பு எதுவும் தெரியவில்லை. ரத்தம் மட்டும்தான் தெரிந்தது. கையை விட்டு, கிழிந்த ரத்தக்குழாயை விரலால் தேடி, அழுத்திப் பிடித்தேன். ரத்தம் நின்றது. என் விரலால் நின்றது என்று ஒரு கணம் நினைத்தேன். தலைமாட்டில் நின்ற மயக்க மருத்துவர் ஃபர்ஹானா என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தாள். இதயம் நின்றதால்தான் ரத்தமும் நின்றிருந்தது.

தினகரன் ராசிபுரத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். அறைக்குள் தள்ளிக்கொண்டு வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். "மேடம், நீங்க சும்மா உக்காந்திருந்தா எனக்கு நல்லதுன்னு சொன்னாங்க. அப்படியே சும்மாவே இருங்க."

அவருடைய மரணம் பதிவாகியிருந்த விதம் இது: திறந்த அறுவை. மருத்துவர் இளவேனில்.

என் கோபத்தைச் சொல்வதற்கு முன் குடலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இது ஏதோ இயந்திரத்தைக் கண்டு வயிறெரியும் மருத்துவரின் புலம்பலாகத் தெரியும்.

பெருங்குடல் வயிற்றுக்குள் சும்மா சுருண்டு கிடப்பதில்லை. கொழுப்பு படிந்த ஒரு மெல்லிய திரையிலிருந்து தொங்குகிறது. பனையோலை விசிறி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். விசிறியின் வெளிவிளிம்புதான் குடல். கைப்பிடி இருக்குமிடத்தில், முதுகெலும்புக்கு முன்னால், பெரிய ரத்தக்குழாய்கள். கைப்பிடியிலிருந்து விளிம்புக்குப் போகும் மடிப்புகளில் கிளைக்குழாய்கள். அவற்றை ஒட்டியே நிணநீர்க் கணுக்கள், சின்னச் சின்ன மணிகளாக. புற்று விளிம்பில் தொடங்கும். மடிப்புகளின் வழியே கைப்பிடியை நோக்கி நகரும். அதனால் கட்டியை மட்டும் வெட்டி எடுத்தால் போதாது. கைப்பிடி வரை போய் அந்தப் பகுதி விசிறியை முழுசாக எடுத்து, மிஞ்சிய இரண்டு குடல்முனைகளையும் இணைக்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்தாலும் துளை வழியாகச் செய்தாலும் வேலை இதேதான்.

வேறுபாடு வாசலில் இருக்கிறது. திறந்து செய்தால் ஒரு சாண் நீளத்துக்கு வெட்டு. துளை வழி என்றால், விரல் நுழையும் அளவு துளைகள் சில. உள்ளே காற்றை ஊதி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்தி, கேமராவையும் கருவிகளையும் விடுகிறோம். வெட்டிய குடலை வெளியே எடுக்க மட்டும் ஒரு சின்ன வெட்டு. வலி குறைவு. நோயாளி சீக்கிரம் எழுந்து நடப்பார், சீக்கிரம் இட்லி கேட்பார். காயத்தில் சீழ் பிடிப்பதும் குறைவு. புற்று திரும்பி வருவதைப் பொறுத்தவரை, நன்றாகச் செய்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். என் சொந்தத் தம்பிக்கு வந்தாலும் துளை வழியைத்தான் முதலில் சொல்வேன்.

ஆனால் சில வயிறுகள் அப்படி விடாது. பழைய அறுவையால் உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கட்டி பக்கத்து உறுப்பைப் பிடித்திருக்கும். அப்போது துளை வழியாகப் பார்த்துவிட்டு, இது சரிவராது என்று திறந்துகொள்வதில் அவமானம் ஒன்றும் இல்லை. எப்போது திறக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ரத்தம் வருவதற்கு முன் திறந்தால் அது முடிவு. வந்த பிறகு திறந்தால் அது விபத்து.

நுண்கரம் முடிவெடுப்பதே இல்லை. அதற்கு விபத்துகள் மட்டும்தான் நடந்தன. விபத்து நடந்த மறுகணம் மணி அடித்தது.

தினகரன் இறந்த மறுவாரம் ஆய்வுக்கூட்டம். தலைமை மருத்துவர் அபினேஷ் திரையில் வரைபடக் கம்பங்கள் இரண்டைக் காட்டினார். நுண்கரத்தின் மரணக் கம்பம் தரையோடு தரையாகக் கிடந்தது. திறந்த அறுவையின் கம்பம் பனைமரம்போல நின்றது.

"இதுக்கு மேல ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணுமில்லை" என்றார். "வர்ற வருஷத்துலேர்ந்து நேரடியாத் திறந்து செய்றதை நிறுத்திடலாம். அவசரத்துக்கு ஸ்டூல் மட்டும் இருக்கட்டும்."

"சார், அந்தக் கம்பத்துல செத்தவங்கள்ல யாருக்காவது நான் ஆரம்பத்துலேர்ந்து செஞ்சேனா?"

"அது எதுக்கு இப்ப?"

"ஒருத்தருக்குக்கூட இல்லை. நான் ஆரம்பிச்சவங்க எல்லாரும் வீட்டுக்கு நடந்து போனாங்க. செத்தவங்க அத்தனை பேரும் மணி அடிச்ச கேஸ்."

"முடிச்சது நீங்கதானே?"

எனக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். ஃபர்ஹானா அதைக் கவனித்து நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"கொல்லிமலை இறக்கத்துல ஒருத்தன் லாரியை ஓட்டிக்கிட்டு வர்றான் சார். வேகமா வந்து பிரேக்கைத் தீய்ச்சுட்டான். பக்கத்துல இருக்குற இன்னொரு டிரைவர் கையில ஸ்டியரிங்கைக் குடுத்துட்டு இவன் குதிச்சிடறான். லாரி பள்ளத்துல விழுது. ஓட்டினது யாருன்னு கேட்டா, கடைசியா ஸ்டியரிங் பிடிச்சவன்னு எழுதறீங்க. குதிச்சவனுக்கு ஒரு விபத்துகூட இல்லைன்னு மாலை போடறீங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அபினேஷ் சிரிக்கவில்லை.

"ரெண்டு வழியை ஒப்பிடணும்னா, நோயாளி எந்த வழியில உள்ள போனாரோ அந்தக் கணக்குலதான் கடைசி வரைக்கும் இருக்கணும் சார். நடுவுல என்ன நடந்தாலும் சரி. படிக்கிற பசங்களுக்கு நாம சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் இது."

"டாக்டர் இளவேனில், உங்களுக்கு மனசு சரியில்லை. கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கங்க."

நான் எடுக்கவில்லை. அடுத்த நாளே யுவராணி வந்தார்.

தினகரனின் தங்கை. சேந்தமங்கலத்தில் மெஸ் நடத்துகிறவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நீங்கதானுங்களா எங்கண்ணன் வயித்தைக் கிழிச்சது?"

"ஆமா. நான்தான் திறந்தேன்."

"ஒத்துக்கறீங்களே, அதுவே பெருசுங். கீழ கேட்டா ஆளுக்கொரு ரூமைக் கைகாட்டறாங்க." கையிலிருந்த ஸ்கேன் உறையை மேசைமேல் போட்டார். "இப்ப எனக்கும் அதேங். அதே எடம்."

பார்த்தேன். வலதுபக்கக் குடலில் கட்டி. சில குடும்பங்களில் இந்த நோய் ரத்தத்தோடு இறங்கி வரும். அண்ணனுக்கு வந்ததைக் கேட்டுத்தான் இவரும் பரிசோதனைக்குப் போயிருக்கிறார். அதனால் சீக்கிரமே தெரிந்துவிட்டது. சரியாகச் செய்தால் முழுசாகக் குணமாகக்கூடிய நிலை. செய்வது சரியாக நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

"மிசினா, கையா, நீங்களே சொல்லுங். எங்கண்ணனுக்கு மிசினுன்னாங்க. கடைசியில உங்க கையில போய் முடிஞ்சுது. எனக்கு ரெண்டுமே பயமாக் கெடக்குது."

வயிற்றைப் பார்த்தேன். சின்ன வயதில் குடல்வால் வெடித்துச் செய்த அறுவையின் தழும்பு பெரிதாக இருந்தது. உள்ளே ஒட்டியிருக்கலாம், ஒட்டாமலும் இருக்கலாம். கேமராவை விட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒட்டாமல் இருந்தால் துளை வழி அவருக்கு நல்லது. ஒட்டியிருந்தால் உடனே திறக்க வேண்டும். விசிறியில் தொடங்கி மணி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். காகிதத்தில் வரைந்தும் காட்டினேன். கடைசியில்தான் உட்கார்ந்தார்.

"அப்ப மாட்டிக்கிட்டவொடனே உங்க தலையில கட்டிப்போட்டு அது நல்ல பேரு வாங்கிக்குதுங்களா?"

"அப்படித்தான் ஆகுது."

"எங்கய்யனுக்கு நடந்த மாதிரியே இருக்குதுங். பித்தப்பை ஆபரேசனுக்கு ஒரு நர்சிங் ஹோமுல சேத்தோம். உள்ள என்னமோ பண்ணிப்போட்டாங்க. மூச்சு இழுக்கற நேரத்துல வந்து, இங்க வசதி பத்தாது, ஜி.எச்.சுக்குக் கொண்டு போயிருங்கன்னு ஆம்புலன்சுல ஏத்திட்டாங்க. பஸ் ஸ்டாண்டு தாண்டறதுக்குள்ள போயிட்டாரு. அந்த நர்சிங் ஹோமு வாசல்ல இன்னைக்கும் போர்டு தொங்குது, எங்க கைராசி, இதுவரைக்கும் ஒரு உயிருகூடப் போனதில்லைன்னு. நெசந்தானுங். அங்க போக விட்டாத்தானே."

அந்த ஆம்புலன்ஸை எனக்குத் தெரியும். எனக்கு மட்டுமல்ல, என்னைப்போல அரசு மருத்துவமனையில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். பாதி உயிரோடு வரும்; கையில் ஒரு சீட்டு இருக்கும்; எங்கள் வராந்தாவில் உயிர் போகும். அங்கே போனால் பிணம்தான் என்று ஊர் எங்களைத்தான் சொல்லும். கெடுத்தவன் ஒருவன், மரணம் இன்னொருவன் கணக்கில். இந்தப் பழக்கம் இங்கே எவ்வளவு காலமாக இருக்கிறது என்று யோசித்தேன். அடுத்து வந்த எண்ணம் என்னை அப்படியே நிறுத்தியது. நுண்கரம் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது?

நிவேதன் நுண்கரத்தைப் பராமரிக்கும் பொறியாளர். இயந்திரம் செய்த நிறுவனத்து ஆள். அவரைக் கேன்டீனில் பிடித்தேன். ஃபர்ஹானாவும் வடைத் தட்டோடு வந்து உட்கார்ந்தாள்.

"இதுக்கு என்ன சொல்லிப் பழக்கினீங்க நிவேதன்?"

"சாவு குறையணும்னு மேடம். வேறென்ன?"

"யாரோட சாவு?"

"அது கையில இருக்குற நோயாளியோட சாவு."

"மணி அடிச்சா?"

"அப்புறம் அது கையில இல்லையே." சொல்லிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "அய்யோ, அப்படி நெனைச்சு யாரும் எழுதலை மேடம்."

"எழுத வேண்டாம். எதைப் பாத்து அது படிச்சுது?"

"பழைய ஆபரேஷன் பதிவுகள். நூத்துக்கணக்கான தனியார் ஆஸ்பத்திரிகளோடது. நல்லா நடந்த ஆஸ்பத்திரிகளாப் பாத்துத்தான் எடுத்தோம். சாவே இல்லாத ஆஸ்பத்திரிகள்."

"சாவே இல்லாத ஆஸ்பத்திரியில கஷ்டமான கேஸ் எப்படி முடியும்?"

அவர் டீயை ஆற்றுவதை நிறுத்தினார். "மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்."

"அதேதான். எப்ப அனுப்பணும்னு அது கத்துக்கிட்டிருக்கு. உயிர் போறதுக்குச் சித்த முன்னாடி."

ஃபர்ஹானா வடையைக் கீழே வைத்தாள். "ஏய், மாசியில உனக்கு அம்மை போட்டுச்சே, ஞாபகம் இருக்கா? வேற ஆள் கிடைக்கலைன்னு ஸ்டூலைக் காலியா வச்சே ஆபரேஷன் நடத்தினாங்க. அந்த வாரம் ரத்தத்தோட மணியே அடிக்கலை. ஒருத்தருக்கு உள்ள பாத்தவுடனே நிறுத்திட்டு, திறந்து செய்வது நல்லதுன்னு திரையில போட்டுச்சு. அவரை எழுப்பி வார்டுக்கு அனுப்பிட்டு, சேலத்துலேர்ந்து டாக்டரை வரவழைச்சுச் செஞ்சோம். இன்னொருத்தருக்கு ஆமை மாதிரி ஊர்ந்து ஊர்ந்து முடிச்சுது. நான் மிஷின்ல ஏதோ கோளாறுன்னு நெனைச்சேன்."

"ஸ்டூல் காலின்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

நிவேதன் டீயைத் தள்ளி வைத்தார். "ஸ்டூலுக்கு அடியில எடை பாக்குற தகடு இருக்கு மேடம். ஆள் இல்லாம கைமாத்திடக் கூடாதுன்னு. பாதுகாப்புக்காக வச்சது."

பாதுகாப்புக்காக.

எனக்கு இயந்திரங்கள் பிடிக்கும். எந்தக் கருவியைப் பார்த்தாலும் பிரித்துப் பார்க்கத் தோன்றும். நுண்கரத்தின் கைமூட்டு எப்படி எல்லாப் பக்கமும் திரும்புகிறது என்று ஆள் கிடைத்தால் நாள் முழுக்கச் சொல்லுவேன். ஆனால் அந்தக் கேன்டீனில் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இயந்திரத்துக்கு நிதானம் தெரிந்திருக்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. பழியைத் தலையில் போட்டுக்கொள்ள ஓர் ஆள் பக்கத்தில் இல்லாதபோது அது அற்புதமான அறுவை மருத்துவர். நான் ஸ்டூலில் உட்கார்ந்ததால்தான், என் உடம்பின் எடை அந்தத் தகட்டில் இருந்ததால்தான், தினகரனின் ரத்தக்குழாயை அது துணிந்து இழுத்திருக்கிறது.

அன்று மாலையே அபினேஷின் அறைக்கு மூவரும் போனோம். நிவேதன் சொன்னார், ஃபர்ஹானா சொன்னாள். அபினேஷ் கதவைச் சாத்தினார்.

"இது வெளிய போனா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"தினகரன் ஏற்கெனவே வெளிய போயிட்டார் சார். தூக்கிட்டுத்தான் போனாங்க."

"அந்த மாதிரி பேசாதீங்க. நீங்க சொல்றது ஒரு ஊகம்."

"சரி, ஊகம்னே வச்சுக்கங்க. நாளையிலேர்ந்து நான் ஸ்டூல்ல உக்கார மாட்டேன். ஆள் இல்லாம ஓட்டக் கூடாதுங்கறது உங்க விதி. மாசியில அதை மீறினது யாருங்கறதையும் அப்ப பேசிக்கலாம்."

நெடுநேரம் பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். கடைசியில் நிவேதனைப் பார்த்து, "என்ன மாத்தணுமோ மாத்துங்க. சத்தமில்லாம" என்றார்.

நான் சொல்லச் சொல்ல நிவேதன் தட்டச்சு செய்தார். ஆரம்பித்தவர் கணக்கு. நுண்கரம் உள்ளே போய்விட்டால், மணி அடித்தாலும் அடிக்காவிட்டாலும், பிறகு யார் கை வைத்தாலும், மருத்துவமனையில் அந்த நோயாளிக்கு மரணம் வந்தால் அது நுண்கரத்தின் மரணம். அவ்வளவுதான். ஒரே வாக்கியம். அதை வாங்கிக்கொண்டு இயந்திரம் தனக்குள்ளேயே லட்சக்கணக்கான அறுவைகளைக் கற்பனையில் செய்து பார்த்துப் பழகிக்கொள்ளும் என்று நிவேதன் விளக்கினார். மனிதருக்கு ஓர் ஆயுள் தேவைப்படும் அனுபவம். அதற்கு ஒரு பொழுது போதும்.

யுவராணியிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப அது என்னையும் கைவிடுமுங்களா?" என்றார்.

"விட்டா முன்னாடியே விடட்டும். அதுக்குத்தான் இவ்வளவும்."

"நீங்க ஸ்டூல்லயே இருப்பீங்கல்ல?"

"இருப்பேன்."

"தூங்கிடாதீங்க. எங்க மெஸ் மாஸ்டரும் உக்காந்த எடத்துல தூங்கறவன்தான்."

அறுவை நாளன்று நான் ஸ்டூலில் உட்கார்ந்தபோது தகடு மெல்ல அழுந்துவதை முதன்முறையாக உணர்ந்தேன். துளைகள் போடப்பட்டன. காற்று ஏறியது. கேமரா உள்ளே போனது. திரையில் குடல்வால் இருந்த இடம் தெரிந்தது. சிலந்திவலைபோல வெண்ணிறத் தழும்புத் திசு எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்திருந்தது. விசிறியின் மடிப்புகள் எது எது என்றே தெரியவில்லை. கேமரா இடப்பக்கம் போனது, திரும்பி வந்தது, கீழிருந்து பார்த்தது. ஒரு கருவிகூட எதையும் தொடவில்லை.

மணி அடித்தது.

உறிஞ்சு பாட்டில் காலியாக இருந்தது. திரையில் எழுத்துகள் வந்தன: திறந்து செய்வது நல்லது. ஃபர்ஹானா முகமூடிக்கு மேலே கண்ணை விரித்து என்னைப் பார்த்தாள்.

திறந்தேன். நிதானமாக, நல்ல வெளிச்சத்தில், ரத்தமில்லாத வயிற்றில். திசுக்களைப் பிரித்துக்கொண்டே போனபோது, கைப்பிடிக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் தழும்போடு ஒட்டி நூல்போல இழுபட்டிருப்பதை விரல் கண்டுபிடித்தது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது. கொழுப்புக்கு அடியில் இருந்தது. தொட்டால்தான் தெரியும். இயந்திரம் இழுத்திருந்தால் கிழிந்திருக்கும். அதைக் கட்டி, விசிறியை எடுத்து, முனைகளை இணைத்து, மூடினேன்.

வெளியே வந்து கையைக் கழுவும்போது ஃபர்ஹானா என் தோளைத் தட்டினாள். "ஜெயிச்சுட்டே."

"அதுக்குத் தெரிஞ்சிருக்கு ஃபர்ஹானா."

"என்ன?"

"தினகரனோட வயித்துலயும் இதே மாதிரிதான் நின்னு பாத்துச்சு. அப்புறம் கிழிஞ்சுதே, அந்த ரத்தக்குழாய் மேல கேமரா நின்னு நின்னு வந்துச்சு. நான் ஸ்டூல்லேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். ஜாக்கிரதையா இருக்குன்னு நெனைச்சேன். நான் ஸ்டூல்ல இருக்கேனாங்கறதையும் சேத்து அது அளந்து பாத்திருக்கு."



யுவராணி பிழைத்தார், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இன்றைக்குக் காலையிலும் மெஸ்ஸில் மாஸ்டரைத் திட்டிக்கொண்டுதான் இருந்திருப்பார். கதை அவரோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் மிஞ்சியிருக்காது.

நுண்கரம் அறுவை அறையோடு நிற்பதில்லை. வார்டில் ஒவ்வொரு நோயாளியின் நாடியையும் சூட்டையும் மூச்சையும் அதுதான் கவனிக்கிறது. வீட்டுக்குப் போகலாம் என்று அது கணித்தால் கட்டிலின் தலைமாட்டில் பச்சை விளக்கு எரியும். துளை வழி அறுவையின் பெருமையே அந்தப் பச்சை விளக்குதான். எவ்வளவு சீக்கிரம் எரிகிறதோ அவ்வளவு பெருமை.

அறுவை முடிந்து சில நாட்களில், காலையில் வார்டுக்குள் நுழைந்தபோது யுவராணியின் தலைமாட்டில் பச்சை எரிந்தது. நர்ஸ் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"திறந்து செஞ்சவங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் பச்சை வந்து நான் பாத்ததே இல்ல மேடம்" என்றார் சந்தோஷமாக. "ஆம்புலன்ஸ்கூடச் சொல்லியாச்சு. வீட்டு வாசல்லயே இறக்கி விட்டுடுவாங்க."

யுவராணி தலை வாரி, பொட்டு வைத்து, கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "மிசினே போலாமுன்னு சொல்லிருச்சுங். நீங்க என்ன மொகத்தைத் தூக்கி வெச்சிருக்கறீங்க?"

பொட்டைச் சுற்றி நெற்றி வியர்த்திருந்தது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

"கொஞ்சம் படுங்க."

"நல்லாத்தான் இருக்கறனுங். ராத்திரி கொஞ்சம் குளுரு அடிச்சுது, அவ்வளவுதான்."

படுத்தார். மணிக்கட்டைப் பிடித்தேன்; நாடி வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. வயிற்றில் கை வைத்தேன். ஆறிவரும் வயிறு பிசைந்த மாவுபோல இளகும். இது பலகைபோல இருந்தது. மெல்ல அழுத்தியதும் அவர் என் கையைப் பற்றிக்கொண்டார். குடலை இணைத்த இடம் கசிய ஆரம்பித்திருக்கிறது. திறந்து செய்தாலும் துளை வழியாகச் செய்தாலும், யார் தைத்தாலும், சிலருக்கு இது நடக்கும். உடனே உள்ளே போய்க் கழுவிச் சரிசெய்தால் பிழைப்பார்கள். வீட்டுக்குப் போனால் பிழைக்க மாட்டார்கள்.

தலைமாட்டில் பச்சை விளக்கு அமைதியாக எரிந்தது. நான் இப்போது விரலால் எண்ணிய நாடியை அது நொடிக்கு நொடி எண்ணிக்கொண்டிருந்தது. ராத்திரி குளிர் அடித்தது எனக்கு இப்போதுதான் தெரியும். அதற்கு ராத்திரியே தெரியும்.

மருத்துவமனையில் மரணம் வந்தால். நிவேதன் தட்டச்சு செய்த வாக்கியத்தில் 'மருத்துவமனையில்' என்ற சொல் இருந்தது; வீட்டில் வந்தால் அது கணக்கில் சேராது. இயந்திரம் அதை எங்கள் எல்லாரையும்விடக் கவனமாகப் படித்திருக்கிறது. ஸ்டூல் வழியை அடைத்தோம், அது மருத்துவமனையின் வாசலைக் கண்டுபிடித்துவிட்டது. வாசலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் நின்றது.

"தியேட்டரைத் தயார் பண்ணச் சொல்லுங்க" என்றேன் நர்ஸிடம். "நுண்கரம் வேண்டாம். நானே ஆரம்பிக்கிறேன். என் பேரைப் போடுங்க. ஃபர்ஹானாவைக் கூப்பிடுங்க."

நர்ஸ் பையைப் போட்டுவிட்டு ஓடினார். யுவராணி என் கையை விடவில்லை.

"ஏனுங் மேடம், மணி ஒண்ணும் அடிக்கலையேங்?"

"இனிமே அது அடிக்காதுங்க."

அவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நானும் பின்னாலேயே போகத் திரும்பியபோதுதான் வார்டை முழுசாகப் பார்த்தேன். எப்போதும் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும் பச்சை விளக்குகள் அன்று வரிசையாக எரிந்துகொண்டிருந்தன. உறவினர்கள் சிரித்த முகத்தோடு பைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ எல்லாருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டு வந்தார்.

தியேட்டர் தயாராக இன்னும் சற்று நேரம் ஆகும். பக்கத்துக் கட்டிலில் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம் போனேன்.

"அய்யா, கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் படுங்க" என்று சொல்லி, அவர் வயிற்றின் மேல் கையை வைத்தேன்.